நாற்பத்து மூன்றரைப் படித் தண்ணீர்

இராக்கினிபுரத்துக்குத் தெற்கே கடல், வடக்கே உப்பளம், நடுவே நானூறு வீடுகளும் ஒரு மாதா கோயிலும் தீபமாதா சபைக் கன்னியரின் மடமும். மடத்துக் கிணற்றுக்கு அறுபது படி, அறுபது படிக்கும் அடியில் நாற்பது வருஷமாக வாயில் வைக்க முடியாத சவர்த் தண்ணீர். அந்தக் கிணற்றில் ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை விடியும்போது, கீழேயிருந்து எண்ணினால் முப்பத்தோராம் படிவரைக்கும் தண்ணீர் ஏறி நின்றது. துணி அலச இறங்கிய சமையல்காரி ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள். "இனிக்கி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இனிக்கிற தண்ணீரில் துணி அலசக் கூடாது என்று வாளியோடு மேலே ஏறிவிட்டாள்.

காலைப் பூசைக்கு மணி அடிப்பதற்குள் சேதி மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் போயிருந்தது. பூசை முடிவதற்குள் மடத்தின் பின்வாசலில் எழுபது குடம் வரிசையில் நின்றது. மடத்துத் தலைவி மதர் பெர்பெத்துவா சாவியை எடுத்துவந்து, துருப்பிடித்த பூட்டோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிப் பின்வாசலைத் திறந்துவிட்டார். ஏன் இனிக்கிறது, எப்படி ஏறியது என்று யாரும் கேட்கவில்லை. குடம் பத்து ரூபாய்க்குத் தண்ணீர் லாரியிடம் வாங்கிக் குடித்த ஊர் அது. லாரி வந்தால் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. சாயங்காலத்துக்குள் மூன்று படி இறங்கிய தண்ணீர் மறுநாள் விடியும்போது மறுபடியும் முப்பத்தோராம் படியில் நின்றது. அதையும் யாரும் கேட்கவில்லை.

கிணற்றடிக்குக் கடைசியாக வந்தவர் சிஸ்டர் தெக்லா. மடத்தை ஒட்டிச் சபை நடத்திவந்த இல்லத்துக்கு, அதாவது பேருந்து நிலையத்திலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் யாரோ விட்டுவிட்டுப் போன ஐம்பத்தெட்டு நோயாளிகள் படுத்திருந்த அந்த நீள வீட்டுக்கு, ஒன்பது வருஷமாக அவர்தான் பொருளாளர். ஐம்பத்திரண்டு வயது. எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம். படியை எண்ணினார். முப்பத்தொன்று. முந்தின நாள் மத்தியானம்தான் வங்கிக்குப் போய் இல்லத்தின் சேமநிதியை இன்னும் ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டு வந்திருந்தார். முப்பத்தொரு லட்சம். அந்த எண் அவருக்கும் மதருக்கும் தூத்துக்குடி ஆடிட்டருக்கும் மட்டும் தெரியும். தற்செயல் என்று சொல்லிக்கொண்டே படியேறினார். பிடரி மட்டும் சுட்டது.

சேமநிதி என்பது அரிசிக்கும் மருந்துக்கும் மாதாமாதம் வந்து மாதாமாதம் போகிற காசு கிடையாது. எது வந்தாலும் தொடக் கூடாது என்று ஒதுக்கிவைத்த காசு. பழைய பொருளாளர் எட்டு லட்சமாகக் கையில் கொடுத்ததைத் தெக்லா முப்பத்தொன்றாக்கி இருந்தார். செத்துப்போன கன்னியரின் பென்ஷன், ஓய்வுபெற்ற வாத்தியார்கள் எழுதிவைத்த பங்கு, ஜெர்மனியிலிருந்து ஓர் அறக்கட்டளை அனுப்பியதில் மிச்சம் பிடித்தது, உறையின் முதுகில் கணக்கெழுதிக் காகிதத்தில் மிச்சம் பிடித்தது என்று எல்லாம் அதற்குள் போனது. நன்கொடை கேட்கப் போகும் இடத்தில் "கையில ஒண்ணுமில்ல" என்பார். பொய்யில்லை, கையில் இல்லைதான். பணம் இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் கொடுப்பவர் கையை இழுத்துக்கொள்வார்கள், வேலைக்காரர்கள் சம்பள உயர்வு கேட்பார்கள், தலைமை மடம் பங்கு கேட்கும் என்பது அவருடைய எண்ணம்.

மாசியில் ஜெர்மனிப் பணம் தாமதப்பட்டது. ஆயாக்களுக்கும் நர்ஸுகளுக்கும் சம்பளம் போட வேண்டிய நாள் தாண்டிவிட்டது. தெக்லா மனமில்லாமல் சேமநிதியிலிருந்து இரண்டு லட்சத்தை எடுத்தார். மறுநாள் விடியும்போது தண்ணீர் இருபத்தொன்பதாம் படியில் இருந்தது. பத்து நாள் கழித்து ஜெர்மனிப் பணம் வந்து, எடுத்ததைத் திருப்பி வைத்ததும், மறுநாள் விடியும்போது முப்பத்தொன்று. பங்குனியிலும் அப்படியே இறங்கியது, அப்படியே ஏறியது.

சித்திரையில் ஒருநாள் காலை தெக்லா கிணற்றடியைத் தாண்டிப் போகும்போது, உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை செய்கிற மிக்கேலம்மாள் இடுப்பில் குடத்தோடு ஏறி வந்தாள். உப்பு காய்ச்சிய கறுத்த முகம், சத்தமான குரல், ஊரில் ஒருவருக்கும் பயப்படாதவள்.

"என்ன சிஸ்டர், சம்பளம் போட்டாச்சா?"

"ஏன் கேக்குற?"

"தண்ணி ரெண்டு படி கீழ நிக்கி. எப்பல்லாம் உங்க வீட்டு ஆயாமாருக்குக் ஒதுக்கி வெச்ச காசுலேந்து சம்பளம் போடுதியளோ, அப்பல்லாம் இறங்குதுல்லா. நாங்க மூணு மாசமாப் பாத்துட்டுதான் இருக்கோம். மொத்தச் சம்பளம் ரெண்டு லட்சம்னு ஆயாமாரே சொல்லுதாவ." குடத்தை இடுப்பில் ஏற்றிவைத்துக்கொண்டு அவள் வெகு சாதாரணமாகக் கேட்டாள். "அப்போ ஒரு படிக்கு ஒரு லட்சமா சிஸ்டர்?"

தெக்லா நேராக அலுவலகத்துக்குப் போய்க் கணக்குப் புத்தகத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

அதற்குப் பிறகு அவர் செய்யாத தந்திரம் இல்லை. சேமநிதியில் பாதியைத் திருநெல்வேலியில் வேறொரு வங்கிக்கு மாற்றினார். கிணற்றுக்கு எந்த வங்கி என்பதைப் பற்றி அக்கறை இருக்கவில்லை, தண்ணீர் அசையவில்லை. படிகள் தெரியாதபடி கிணற்றுக்குத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு இறங்கினார்கள், போகும்போது மரியாதையாகத் திரும்பப் போர்த்திவிட்டும் போனார்கள். கடைசியில் யாரோ சுண்ணாம்பால் படிக்குப் படி எண் எழுதிவிட்டார்கள்.

இப்படியாக, தீபமாதா சபையின் இராக்கினிபுரம் இல்லத்துச் சேமநிதி எவ்வளவு என்பது இராக்கினிபுரத்தில் காலையில் பல் தேய்க்கும்போது தெரிந்துகொள்கிற விஷயமாக ஆகிப்போனது. டீக்கடையில், "இன்னைக்கு எத்தன?" என்றால் கிணற்றைத்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களிடம், எங்களுக்கு முப்பத்தி மூணு படித் தண்ணி என்று பெருமை பேசினார்கள். தண்ணீர் லாரிக்காரன் இரண்டு மாதம் வந்து வந்து பார்த்துவிட்டு, பிறகு அவனும் ஒரு கேனோடு வரிசையில் நின்றான். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நிலத்தடி நீர் நிபுணர் மூன்று நாள் கயிறு விட்டு அளந்து, பருவகால ஏற்ற இறக்கம் என்று எழுதிக்கொண்டு, இரண்டு பாட்டில் பிடித்துக்கொண்டு போனார். பங்குச்சாமியார் பிரசங்கத்தில் கிணற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கவனமாக ஒதுங்கிக்கொண்டார். ஆனால் சாமியார் பங்களாவுக்கும் தினமும் நாலு குடம் போனது.

ஆடிட்டர் சங்கரலிங்கம் வருஷக் கணக்குப் பார்க்க வந்தபோது, நெற்றித் திருநீறு வியர்வையில் வழிய, பேலன்ஸ் ஷீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். புத்தகத்தில் முப்பத்தாறு லட்சம். கிணற்றில் முப்பத்தாறரை. "கிணறு தப்பு பண்ணாது சிஸ்டர், நாமதான் எங்கயோ விட்டிருக்கோம்" என்று இரண்டு நாள் தேடினார். இறந்துபோன ஒரு கன்னியர் இல்லத்தின் பேரில் தபால் நிலையத்தில் போட்டுவைத்து மறந்த பத்திரம் வட்டியோடு ஐம்பதாயிரம் கிடைத்தது. ஆடிட்டர் புத்தகத்தைத் திருத்திவிட்டுக் கிணற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

பணம் இருப்பது தெரிந்தால் கொடுப்பவர் கையை இழுத்துக்கொள்வார்கள் என்று தெக்லா நினைத்தது மட்டும் நடக்கவில்லை. கீழத்தெருப் பெண்கள் தாங்களாகவே கிணற்றடியில் ஒரு பால்டின்னை வைத்து மூடியில் ஓட்டை போட்டார்கள். வாரம் பத்து ரூபாய் போடுபவர்கள் இருந்தார்கள், மீன் நன்றாகப் பட்ட நாளில் ஐந்நூறு போடுபவர்கள் இருந்தார்கள். உப்பளத்துக்கு அப்பாலிருந்து சுடலைக்குப் படைக்கிற ஊர்க்காரர்களும் தள்ளுவண்டியில் குடம் கட்டிவந்து டின்னில் போட்டுவிட்டுப் போனார்கள். படி ஏறினால் எல்லோருக்கும் தண்ணீர் ஏறும் என்பதால் சேமநிதியின் மேல் ஊருக்கு ஓர் உரிமை வந்துவிட்டது. கோழிக்கறி போட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், "நேத்து கறியா சிஸ்டர்?" என்று கேட்டார்கள். இரண்டு வருஷத்தில் தண்ணீர் நாற்பத்து மூன்றரைப் படிக்கு வந்தது. தெக்லாவே இப்போது விடிந்ததும் மேல்மாடி ஜன்னலைத் திறந்து முதலில் கிணற்றைப் பார்த்தார். சொல்லிக்கொள்ளக் கூடாத ஒரு சந்தோஷம் அது.

அப்போதுதான் கூரை விழுந்தது.

வைகாசி பிறந்து நாலாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். இல்லத்தின் நீள வார்டுக்கு அறுபது வருஷத்துக் கான்கிரீட் கூரை. கடல் காற்று உள்ளிருந்த கம்பியைத் தின்றிருந்தது. சூசையா என்ற கிழவரின் கட்டிலில் ஓர் ஆட்டுக்குட்டி அளவுத் துண்டு விழுந்து கட்டிலை இரண்டாக மடித்தது. சூசையாவை அப்போதுதான் குளிப்பாட்டத் தூக்கிப் போயிருந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்த இன்ஜினியர் சுத்தியலால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கடியில இனிமே ஒரு நாள்கூட ஆள் படுக்கக் கூடாது மதர்" என்றார். இடித்துக் கட்ட நாற்பத்தொரு லட்சம் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். அந்த வாரமே ஜெர்மனி அறக்கட்டளையிடமிருந்தும் கடிதம் வந்தது. தங்களுக்குக் கொடுத்துவந்த முதியவர்கள் ஒவ்வொருவராக இறந்துவிட்டதால் இந்த ஆண்டோடு உதவி நிற்கிறது, இத்தனை காலம் சேர்ந்து நடந்ததற்கு நன்றி என்று.

ஐம்பத்தெட்டுக் கட்டிலையும் வேப்பமரத்தடியில் தார்ப்பாய்க்குக் கீழே வரிசையாகப் போட்டார்கள். மதர் பெர்பெத்துவா தெக்லாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எடுத்துருவோம் தெக்லா."

"வேற இல்லங்களுக்குப் பிரிச்சு அனுப்பலாம் மதர். மதுரையில பத்துப் பேரை எடுத்துக்கிடுவாங்க, திண்டுக்கல்ல—"

"படுத்த படுக்கையா இருக்கிறவங்களை லாரில ஏத்தியா?"

"மொத்தத்தையும் எடுத்துட்டா மிச்சம் ரெண்டரை. நாளைக்கு இதைவிடப் பெரிசா ஒண்ணு வந்தா?"

மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினோரு வருஷமா நீ சொல்ற அந்த நாளைக்கு இன்னும் பேரு வரலையே. எந்த நாளுக்குத்தான் இந்தப் பணம்? கூரை விழுந்த நாள்கூட இல்லைன்னா எது?"

தெக்லாவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது நடந்ததை மடத்தில் ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை. அவருடைய அப்பா கை நிறையச் சம்பாதித்து, கை நிறையக் கொடுத்த மனிதர். கோயில் கொடியேற்றத்துக்குக் கொடுத்தார், கேட்டவனுக்குக் கொடுத்தார், கேட்காதவனுக்கும் கொடுத்தார். தங்கை ஸ்தேல்லாவுக்கு மஞ்சள்காமாலை முற்றியபோது வீட்டில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் காசு பதினோரு ரூபாய் இருக்கவில்லை. அப்பா கடன் கேட்டுத் தெருத்தெருவாகப் போனார். கொடுத்தார்கள், ஸ்தேல்லா செத்த மறுநாள் கொடுத்தார்கள். தெக்லா அன்றைக்குப் பிறகு ஒரு நாளும் கையில் ஒன்றுமில்லாமல் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தார். அந்தப் பதினோரு ரூபாய்தான் நாற்பத்து மூன்றரை லட்சமாகக் கிணற்றில் நின்றது.

அதை அன்று மதரிடம் சொன்னார். சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது. மதர் கடைசியில், "ஸ்தேல்லாவுக்கு என்ன வயசு?" என்று மட்டும் கேட்டார்.

"ஏழு."

"மரத்தடியில போய்ப் பாத்துட்டு வந்து ஒரு முடிவு சொல்லு. நீ கையெழுத்துப் போடாம நான் எடுக்கப் போறதில்ல" என்றார் மதர்.

தெக்லா மரத்தடிக்குப் போனார். சூசையா, உடைந்த கட்டிலுக்குப் பதிலாகப் போட்ட பெஞ்சில், காலை இப்படியும் அப்படியும் மாற்றிக்கொண்டு படுத்திருந்தார். "சிஸ்டர், இங்க காத்து நல்லா வருது, இங்கயே இருந்துருதோம், எங்கேயும் அனுப்பிராதிய" என்றார். தார்ப்பாய்க்குக் கீழே அனல் அடித்தது; காற்றே இல்லை. தெக்லா அங்கேயே முடிவெடுத்தார். ஆனால் முடிவெடுத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. நாற்பத்தொரு லட்சம் போனால் கிணற்றில் இரண்டரைப் படி, அதுவும் கிணறு குறுகி மண்ணோடு நிற்கிற அடிப்படிகள். நானூறு வீடு, கத்திரி வெயில், மழைக்கு இன்னும் ஐந்து மாதம்.

மறுநாள் காலை, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் கிணற்றடியில் நின்று கணக்கைச் சத்தமாகச் சொன்னார். எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கப் போகிறோம், எவ்வளவு மிஞ்சும். சொல்லச் சொல்லப் பெண்கள் குடங்களைக் கீழே வைத்தார்கள்.

முதலில் பேசியது மிக்கேலம்மாள்தான். "எங்க பிள்ளைய குடிக்கிற தண்ணி சிஸ்டர் அது."

"தெரியும்மா."

"நாங்க டின்னுல போட்ட காசும் அதுல இருக்கு."

"ஆமா. ஒரு லட்சத்து எண்பதாயிரம். பைசா சுத்தமா எழுதி வெச்சிருக்கேன்."

"அப்ப எங்களக் கேக்காம எப்படி எடுப்பிய?"

"அதான் கேக்க வந்திருக்கேன்" என்றார் தெக்லா.

ஒரு வாரம் ஊர் கொதித்தது. அந்த இல்லத்தில் இராக்கினிபுரத்துக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. எங்கோ பிறந்து, எங்கோ கைவிடப்பட்டு வந்தவர்கள். அவர்களுக்காக நம் பிள்ளைகள் மறுபடியும் லாரித் தண்ணீர் குடிக்க வேண்டுமா என்று கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. வைகாசியில் காய்ந்த நாக்கோடு கேட்டார்கள். மிக்கேலம்மாளும் அப்படிக் கேட்டவள்தான். ஆனால் அவளுக்கு ஒரு குணம், எதற்குக் காசு கொடுத்தாலும் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் கொடுக்க மாட்டாள். உப்பளத்திலிருந்து திரும்புகிற வழியில், காலில் உப்பு காயாமலே, இல்லத்தின் வாசலுக்குள் முதல் தடவையாக நுழைந்தாள். இத்தனை வருஷம் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தும் ஊரில் யாரும் உள்ளே போனதில்லை.

மரத்தடியில் கட்டில் கட்டிலாக நடந்தாள். ஒவ்வொருவரிடமும், "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள். சிலர் சொன்னார்கள். சிலருக்கு மறந்துபோயிருந்தது. சூசையா தண்ணீர் கேட்டார். பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு, தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தாள். பாதி நெஞ்சில் வழிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"எங்கள எங்க கொண்டுபோவாவன்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் சூசையா.

"ஒரு இடத்துக்கும் கொண்டுபோவ மாட்டாவ. கிடையும்" என்றாள் மிக்கேலம்மாள். சொன்ன பிறகுதான், தான் வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. மிக்கேலம்மாள் எழுந்து நின்று, சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். "விடியும்போது முழுசா ஏறுது, பொழுது சாயறதுக்குள்ள நாம மூணு நாலு படிதான் எடுக்கோம். மிச்சம் நாப்பது படி சும்மா நிக்கி. சிஸ்டர் பணத்த எடுக்கற வரைக்கும் தினமும் அடி மண்ணு தெரியற மட்டும் இறைப்போம். நாளைக்கு மறுபடியும் நாப்பத்து மூணரை ஏறி நிக்கும். அதையும் இறைப்போம். எத்தன நாள் தருவிய சிஸ்டர்?"

தெக்லா எழுந்தார். "காண்டிராக்டருக்குப் பத்தாம் தேதி முதல் தவணை கொடுக்கணும். பன்னெண்டு நாள் இருக்கு."

"எதுல ஊத்தி வெக்க?" என்று யாரோ கேட்டார்கள்.

ஊர் யோசித்தது. யோசித்துக்கொண்டே எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கரையில் மீன்பிடித் தடைக்காலத்துக்காக ஏற்றி வைத்த நூற்றுப்பத்து வள்ளங்கள் வெயிலில் சும்மா கிடந்தன.

அந்தப் பன்னிரண்டு நாளை இராக்கினிபுரம் மறக்காது. ஆண்கள் வள்ளங்களை உள்ளும் புறமும் தேய்த்து, மீன் வாடை போகப் புளியும் சாம்பலும் போட்டுக் கழுவி, வெந்நீரும் ஊற்றி அலசினார்கள். கிணற்றின் உச்சியிலிருந்து கடற்கரை வரைக்கும் இரண்டு வரிசை மனிதர்கள் நின்றார்கள். நிறை குடம் ஒரு வரிசையில் போக, வெறுங்குடம் மறு வரிசையில் வந்தது. மூன்று மோட்டார் பம்பும் குழாயும் சேர்ந்துகொண்டன. உப்பளத்துக்கு அப்பாலிருந்து சுடலை கோயில் ஊர்க்காரர்கள் கல்யாண அண்டாக்களைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். ஆடிட்டர் சங்கரலிங்கம் தூத்துக்குடியிலிருந்து ஒரு லாரி நிறைய நீலப் பீப்பாய் அனுப்பினார். சாமியார் பங்களாத் தொட்டி நிறைந்தது, பள்ளிக்கூடத் தொட்டி நிறைந்தது, வீட்டுக்கு வீடு அண்டாவும் தவலையும் உரலும் நிறைந்தன. நூற்றுப்பத்து வள்ளமும் கழுத்து மட்டும் நல்ல தண்ணீரைச் சுமந்துகொண்டு பாய்த்துணி போர்த்திக் கடலுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்தன. ஒவ்வொரு சாயங்காலமும் கிணற்றில் அடி மண் தெரிந்தது, ஒவ்வொரு விடியலிலும் நாற்பத்து மூன்றரைப் படி நின்றது. தெக்லாவும் முக்காட்டைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்று குடம் மாற்றினார். ஆறாம் நாள் அவருடைய உள்ளங்கையில் தோல் உரிந்தது. பக்கத்தில் நின்ற பெண் பார்த்துவிட்டு, "பேனா பிடிச்ச கை" என்று தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

பத்தாம் தேதி காலை பதினொரு மணிக்குத் தெக்லா காசோலையில் கையெழுத்துப் போட்டார். மதர் பக்கத்தில் உட்கார்ந்து மை காயும்வரை காசோலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் விடியும்போது பதினைந்து படி இறங்கியிருந்தது. ஊர் போய்ப் பார்த்துவிட்டு, "சரி, ஆரம்பிச்சாச்சு" என்று வீட்டுக்குத் திரும்பியது.

அடுத்தடுத்த தவணைகளில் கிணறு அடியைத் தொட்டதும், வீட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு குடம் என்று மிக்கேலம்மாள் வள்ளத்தண்ணீரை அளந்து கொடுத்தாள். ஐந்தாவது குடம் கேட்டவர்களுக்கு அவளுடைய குரல்தான் கிடைத்தது. கொஞ்சம் சண்டை வந்தது. ஒரு வள்ளம் கசிந்து வீணாய்ப் போனது. இன்னொன்றில் தவளை முட்டையிட்டு, அதைச் செடிகளுக்கு ஊற்றினார்கள். தடைக்காலம் முடிந்து வள்ளங்கள் தேவைப்பட்டபோது, வேலை இல்லாத ஆண்கள் இல்லத்துக்குக் கல் சுமக்கப் போக ஆரம்பித்திருந்தார்கள். போனவர்கள் வள்ளம் கேட்கவில்லை, மற்றவர்கள் காலியாகக் காலியாக நாற்பது வள்ளம் வரை எடுத்து, முறை வைத்துக் கடலுக்குப் போய்வந்தார்கள். கொத்தனார் மட்டும் கூலிக்கு; சித்தாள் வேலை முழுக்க ஊருடையது. கூலியில் மூன்று லட்சம் மிஞ்சியது. ஆவணி கடைசியில் கூரை போட்டபோது கிணற்றில் இரண்டரைப் படிக்குப் பதிலாக ஐந்தரைப் படித் தண்ணீர் இருந்தது. வள்ளங்களில் கடைசி மூன்று காலியாகும்போது ஐப்பசி பிறந்து மழை வந்தது. போதும் போதாமலும் ஊர் கரை சேர்ந்தது.

புது வார்டுக்குக் கட்டில்களை ஊரே தூக்கிப் போனது. அந்த ஞாயிறு முதல், மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் தெக்லா கிணற்றடியில் நின்று வரவு செலவைச் சத்தமாக வாசிக்கலானார். அரிசி இவ்வளவு, மருந்து இவ்வளவு, சேமத்துக்கு இவ்வளவு. கேட்டுவிட்டுக் கேள்வி கேட்பார்கள். சில கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது, அடுத்த மாதம் தெரிந்து சொல்வார். வெளியூரில் வேலை செய்கிற இராக்கினிபுரத்துப் பிள்ளைகள் போனில் அதைக் கேட்டுவிட்டு, எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்து அனுப்பினார்கள். துபாயில் வெல்டிங் செய்கிற ஒருவன் மாதா மாதம் சரியாக அரைக்கால் படி அனுப்பினான். தை மாதத்தில் தண்ணீர் ஒன்பதாம் படிக்கு வந்தது.

அந்தத் தை மாதத்தில் ஒரு புதன்கிழமை மத்தியானம் திருநெல்வேலிப் பேருந்து நின்றுவிட்டுப் போன இடத்தில் ஒரு பெண் கிடந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், உடம்பு நெருப்பாய்ச் சுட்டது, பேச்சு வரவில்லை, வயிறு ஒரு பக்கம் இறுகிப்போயிருந்தது. டீக்கடைக்காரர்தான் ஆட்டோவில் போட்டு இல்லத்துக்குக் கொண்டுவந்தார். நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க ஆவாது சிஸ்டர், உடனே ஆபரேஷன்" என்றாள். சேமநிதியிலிருந்து எடுப்பதற்கு மதரிடம் எழுதி வாங்க வேண்டும் என்பது தெக்லாவே எழுதிய விதி. மதர் மதுரைக்குப் போயிருந்தார். தெக்லா யோசிக்கவில்லை. ஆட்டோவிலேயே ஏறி உட்கார்ந்து, அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு, டிரைவரிடம் "ஓட்டுங்க தம்பி" என்றார். வழியில் வங்கியில் நிறுத்தி எண்பதாயிரம் எடுத்தார். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கட்டிவிட்டு, ஆபரேஷன் முடிந்து அந்தப் பெண் கண் திறக்கிறவரை இருந்தார். கூட வந்த ஆயாவைத் துணைக்கு விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் பேருந்தில் திரும்பினார்.

அவர் மடத்துக்குள் நுழையும்போது கிணற்றடியில் இருபது குடம் நின்றது. தண்ணீர் எட்டாம் படிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. பெண்கள் அவரைப் பார்த்தார்கள். தெக்லாவுக்கு இரவு முழுக்கத் தூங்காத கண், சேலையில் ஆஸ்பத்திரி வாடை. மதரிடம் சொல்லாமல் எடுத்ததற்கும், முக்கால் படிக்கும் மேலே தண்ணீர் இறங்கியதற்கும் என்ன பதில் சொல்வது என்று பேருந்தில் வார்த்தைகளைக் கோர்த்துக்கொண்டு வந்திருந்தார்.

மிக்கேலம்மாள் குடத்தை இறக்கிவைத்தாள். "யாருக்கு சிஸ்டர்?"

"நேத்து பஸ் ஸ்டாப்புல கிடந்த பிள்ளைக்கு. பிழைச்சுக்கிட்டா."

"பேரு என்ன?"

தெக்லா வாயைத் திறந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயர் என்ற இடத்தில் ஒன்றுமே எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. காசை எண்ணினார், ரசீதை வாங்கினார், கேட்கத்தான் இல்லை.

"கேக்கலையே" என்றார்.

"அப்ப கேட்டுட்டு வாங்க" என்றாள் மிக்கேலம்மாள். தன் குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். தெக்லா நின்றபடியே குடித்து முடித்து, முகத்தில் மிச்சத்தை அறைந்துகொண்டு, வந்த வழியே திரும்பித் திருநெல்வேலிப் பேருந்துக்கு நடந்தார்.